அழகுமலைக்கு வலி இல்லை

“உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுதுங்க மேடம். ஆனா பேஷண்ட் தனக்கு வலியே இல்லைன்னு சொல்றாரே” என்றார் இன்சூரன்ஸ் கம்பெனியின் இளங்கோ.

கோமளா காதிலிருந்து போனை எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டாள். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தப் பேஷண்டோடு அவளே பேசியிருந்தாள். “உசுரு போகுது மேடம். வலது விலாவுக்குக் கீழ கத்திய வச்சுத் திருகுற மாதிரி இருக்கு” என்று அழகுமலை ரகசியம் போலச் சொன்னார். அப்புறம், “ஆளு வர்றாக, வச்சிடுறேன்” என்று சட்டென்று துண்டித்துவிட்டார்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் கோமளா ஹெச்.ஆர். மேனேஜராக இருக்கும் பனியன் கம்பெனியில் அழகுமலை சாம்பிள் டெய்லர். குழந்தைகள் உடுப்பில் புது மாடல் ஒன்றை, தங்கள் டிசைனர் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்துக் காட்ட ஆள் வேண்டும் என்று சரக்கு வாங்கும் ஜெர்மனி கம்பெனி கேட்டதால், பத்து நாளைக்கு அவரை அனுப்பி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மனிதர் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். பித்தப்பையில் கல், பை வீங்கியிருக்கிறது என்றது ஸ்கேன். காய்ச்சலோ வலியோ இருந்தால் அவசரம், உடனே ஆபரேஷன். இரண்டும் இல்லையென்றால் ஊருக்குப் போய் நிதானமாகச் செய்துகொள்ளலாம். பயண இன்சூரன்ஸ் அவசரத்துக்கு மட்டும்தான். காய்ச்சல் மாத்திரையில் இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தது வலி மட்டும். இங்கே மணி ஆறரை ஆவதற்குள் ஒப்புதல் வரவில்லையென்றால் அவரை டிஸ்சார்ஜ் செய்து விமானம் ஏற்றிவிடுவார்கள். பத்து மணி நேரம் வானத்தில் அந்தப் பை தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

எதிரே அழகுமலையின் மனைவி சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். அதே கம்பெனியில் பிசிறு வெட்டிச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள். முந்தானையில் நூல் பிசிறுகள்.

“என்ன மேடம் சொல்றாக?”

“வலி இல்லைன்னு சொல்றாராமாங்க.”

“யாரு?”

“உங்க ஊட்டுக்காரருங்க.”

“அவுகளா? கால்ல ஒரு முள்ளு குத்துனா தெருவையே கூட்டுவாகளே மேடம்!”

கோமளாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை உண்டு. எதிரில் இருப்பவர் உறுதியாகப் பேசினால், தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றிவிடும். இளங்கோ உறுதியாகப் பேசினார். சின்னத்தாயும் உறுதியாகப் பேசினாள். இருவருக்கும் நடுவில், அழகுமலையின் அந்த ரகசியக் குரலைத் தான் கனவில் கேட்டோமோ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அவருக்குக் கடுமையான வலி இருக்கிறது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் இளங்கோ கூப்பிட்டார். “மேடம், வலி அவரோடது. லெட்டர் உங்களோடது. திருப்பூர்ல உக்காந்துட்டு அவர் வயிறு வலிக்குதுன்னு நீங்க எப்படிச் சான்று கொடுப்பீங்க? அவரே எழுதின மாதிரி ஏதாவது இருக்கா?”

“இருக்கு மேடம்!” என்று சின்னத்தாய் எழுந்தே விட்டாள். ஸ்பீக்கரில்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. “லீவு லெட்டர்ல எல்லாம் வயித்துவலின்னுதான எழுதியிருக்காக!”

கோமளாவுக்குப் போன உயிர் வந்தது. ஃபைலைத் தேடினாள். நான்கு வருடத்தில் நான்கு கடிதங்கள். அழகுமலையின் சொந்தக் கையெழுத்தில், ‘கடுமையான வயிற்றுவலி காரணமாக’. நான்கையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு இருவரும் டீ சொன்னார்கள்.

டீ வருவதற்குள் போன் வந்துவிட்டது.

“ரொம்ப நன்றிங்க மேடம். இது தெரியாம இருந்திருந்தா நாங்க தப்புப் பண்ணியிருப்போம். நாலு வருஷமா வயித்துவலி. இது ஏற்கெனவே இருந்த நோய். பாலிசியில இதுக்கு இடமே இல்லை.”

“ஏனுங்க, அது நோயில்லீங்க!”

“கடுமையானன்னு வேற எழுதியிருக்காரு.”

“தேதியப் பாருங்க சார். நாலும் பங்குனி மாசம். அவங்க ஊர்ல மாரியம்மன் கோயில் பொங்கலு. சாமி கும்பிடப் போறேன்னு எழுதினா எங்க சூப்பர்வைசர் லீவு குடுக்க மாட்டாரு. அதனால எல்லாருமே வயித்துவலின்னுதான் எழுதுவாங்க.”

“எல்லாருமா?”

“பங்குனியில எங்க கம்பெனியில பாதிப் பேருக்கு வயித்துவலிங்க.”

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “அப்ப அந்தக் கடிதங்கள் பொய்னு எழுத்துல தர முடியுமா?”

கோமளா தந்தாள். ‘மேற்கண்ட வயிற்றுவலிகள் எதுவும் உண்மையல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. இந்த நான்கு கடிதங்களுக்கும் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அப்போது அவை பொய் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியும். தெரிந்தேதான் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாளா? ஆமாம். அக்கறையோடுதான் சொன்னாள். அந்த அக்கறையை எந்தக் கணக்கில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

“மேடம், கிடைச்சது. ஆக, இந்த நபர் வயித்துவலின்னு பொய் சொல்ற வழக்கம் உள்ளவர்னு கம்பெனியே சான்று கொடுத்திருக்கு.”

“அய்யோ, இந்த வயித்துவலி நிசங்க சார்!”

“அதைத்தான் மேடம் அவர் சொல்லணும். அவர் இல்லைங்கறார். பொய் வலியெல்லாம் எழுத்துல கொடுத்திருக்கார், நிஜ வலியை வாயால சொல்ல மாட்டேங்கறார். உங்க நிலைமை எனக்குப் புரியுது.”

“எனக்குப் புரியலீங்களே” என்றாள் கோமளா.

மணி ஐந்தேகால். சின்னத்தாய் ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மேடம், நான் வீடியோல பேசுறேன். என்னையக் கண்டாச் சின்னப்புள்ள மாதிரி அழுதுருவாக. அந்நேரம் அங்கன இருக்க டாக்டரு பாத்துட்டார்னா?”

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கோமளாவே தன் போனில் கூப்பிட்டுச் சின்னத்தாயிடம் நீட்டினாள்.

திரையில் அழகுமலை தெரிந்தார். தலையை அழுந்த வாரியிருந்தார். தலையணையில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

“என்னங்க, ரொம்ப வலிக்குதா?”

“வலியா? ஒரு பிராப்ளமும் இல்ல. எல்லாம் நல்லா இருக்கு. தண்ணி சுத்தமா இருக்கு. நீ சாப்ட்டியா?”

“பொய் சொல்லாதீக. மேடம்கிட்ட உசுரு போகுதுன்னீகளாம்ல?”

அழகுமலையின் கண் ஒரு கணம் பக்கவாட்டில் போய்த் திரும்பியது. சிரிப்பு இன்னும் அகலமானது. அதே நேரத்தில் டாக்டர் உள்ளே வந்தார். மனைவியோடு சிரித்துப் பேசும் நோயாளியைப் பார்த்து அவரும் சிரித்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

போனைத் திருப்பிக் கொடுத்த சின்னத்தாயின் முகம் வெளுத்திருந்தது. “இது அவுக சிரிப்பு இல்ல மேடம். ஆதார் கார்டு போட்டாவுக்குக்கூட இப்பிடிச் சிரிச்சதில்ல. என்னமோ ஆயிப்போச்சு. வலி மூளைக்கு ஏறிருச்சா?”

அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று கோமளாவுக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“வணக்கமுங்க, என் பேரு பிரிசில்லா. இந்த ஆஸ்பத்திரியில வேற வார்டுல நர்ஸா இருக்கறனுங்க. மொழிபெயர்க்கத் தமிழ் ஆளு வேணும்னு இப்பத்தான் என்னையக் கூப்பிட்டாங்க. எனக்கு ஊரு மூலனூருங்க.”

தூரத்து ஜெர்மனியிலிருந்து கொங்குத் தமிழைக் கேட்டதும் கோமளா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அய்யோ கண்ணு, நல்லா இருப்பீங்க. அவருக்கு வலிக்குதான்னு கேளுங்க.”

“கேட்டனுங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். டாக்டர் வலிக்குதான்னா, ‘நோ பிராப்ளம், குட் கம்பெனி’ங்கறாரு. எங்க வலிக்குதுன்னா, ‘எய்ட் அவர்ஸ் ஒன்லி, சண்டே லீவ்’ங்கறாரு. வயித்துல கை வெச்சு அமுக்குனா கண்ணுல தண்ணி வருது, வாயில ‘டாய்லெட் கிளீன்’னு வருது. ஏனுங்க, இவருக்கு மண்டையில ஏதாச்சும் கோளாறுங்களா?”

கோமளா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கோளாறு இல்லை. அது அவளுடைய பாடம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தொழிலாளர்களை நேரில் விசாரிக்க ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம், முதல் நாளே எல்லோரையும் கேண்டீனில் நிறுத்தி அவள் சொல்லிக்கொடுப்பது. கையில் ஃபைலோடு வெள்ளைக்காரர் யார் வந்து எது கேட்டாலும் சிரியுங்கள். குறை சொல்லாதீர்கள். வலி, வருத்தம் எதுவும் வாயில் வரக்கூடாது. எட்டு மணி நேரம்தான் வேலை, ஞாயிறு லீவு, தண்ணீர் சுத்தம். ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, இப்போதெல்லாம் சொல்லும்போது அவளுக்கே அது உண்மை போலத்தான் கேட்கும். அந்தச் சிரிப்பும் கேண்டீனில் பார்த்த சிரிப்புதான்.

பாவம், டாக்டரையும் ஃபைலையும் பார்த்து மனிதர் ஆடிட் என்று நினைத்துவிட்டார்! இன்றைக்குக் காலையிலிருந்து முதல்முறையாகக் கோமளாவுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“போனை அவருகிட்டக் குடுங்க கண்ணு.”

“மேடம்” என்றது அழகுமலையின் ரகசியக் குரல்.

“ஏனுங்க அழகுமலை, நான் கேண்டீன்ல சொல்லிக்குடுத்ததையா அங்க சொல்லிட்டிருக்கீங்க?”

“ஆமா மேடம். ஒரு வார்த்த பிசகல.” வலிக்கு நடுவிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அது ஆஸ்பத்திரி. ஆடிட் இல்லை.”

“ஆஸ்பத்திரிதான் மேடம். ஆனா இங்கன வந்து...”

“ஆனா கீனான்னு ஒன்னும் வேண்டாம்.”

“இல்ல மேடம், நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீங்க சொல்ல வர்றது எனக்கு நல்லாத் தெரியும்.” கோமளா எழுந்து நின்றுவிட்டாள். தன் குரல் இவ்வளவு உறுதியாக ஒலித்து அவளே கேட்டதில்லை. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. “யாரையும் பாத்துப் பயப்படாதீங்க. வலியச் சொல்லுங்க. டாக்டர் என்ன கேட்டாலும் உண்மையச் சொல்லுங்க. எப்ப வேலைக்கு வர்றீங்க, எப்பச் சாப்பிடறீங்க, அந்த லீவு லெட்டரெல்லாம் எதுக்கு எழுதினீங்க, பூராவும்.”

“பூராவுமா மேடம்?”

“பூராவும்.”

“சத்தமாவா?”

“நல்லாச் சத்தமா!”

அழகுமலை குரலை இன்னும் தாழ்த்தினார். “கம்பெனிக்கு ஒன்னும் ஆயிராதுல்ல மேடம்?”

“நான் பொறுப்புங்க.”

“அப்பச் சரி” என்றார் அழகுமலை. அடுத்த நொடி, “அம்மா... யம்மா...” என்று அவர் போட்ட கூச்சல் ஸ்பீக்கர் இல்லாமலே சின்னத்தாய்க்குக் கேட்டது. “ஆங், இது அவுகதான்!” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறு இருபத்தெட்டுக்கு இளங்கோ கூப்பிட்டார்.

“ஒப்புதல் கொடுத்தாச்சு மேடம். அவசர ஆபரேஷன். பேஷண்ட் ரொம்ப விரிவாப் பேசியிருக்கார். வலி பத்துக்குப் பத்து. சரக்கு ஏத்துற வாரத்துல பதினாறு மணி நேர வேலை, ராத்திரி பதினோரு மணிக்குச் சாப்பாடு, ஞாயித்துக்கிழமை வேலைக்கு யாருக்கும் காட்டாத தனி ரெஜிஸ்டர், இப்படி டாக்டர் ரிப்போர்ட் நாலு பக்கம் வந்திருக்கு. கடைசி மூணு பக்கம் எங்களுக்குச் சம்பந்தமில்லை.”

“உங்களுக்குச் சம்பந்தமில்லைன்னா வேற யாருக்கும் இல்லீங்க சார்” என்றாள் கோமளா. நாள் முழுக்க நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. சின்னத்தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இனி எதையும் இப்படித்தான் தீர விசாரித்து, சந்தேகமில்லாமல் முடிவெடுக்க வேண்டும் என்று கோமளா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

போன் மறுபடியும் அடித்தது. பிரிசில்லா.

“உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க, பயப்படாதீங்க. நீங்க சொன்ன பொறகு அருவி மாதிரி கொட்டிட்டாருங்க மனுசன். நானும் ஒன்னு விடாம ஜெர்மன்ல சத்தமாச் சொல்லிட்டே வந்தேன்.”

“ரொம்ப நன்றி கண்ணு. பாவம், ஆஸ்பத்திரியப் போயி ஆடிட்டுன்னு நெனச்சுட்டாரு.”

“அப்படி நெனைக்கலீங்க மேடம், உங்ககிட்டச் சரக்கு வாங்கற இந்த ஊர்க் கம்பெனியில இருந்து மொத நாளே துணைக்குன்னு வந்து கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கற அம்மா, போன வருசம் உங்க ஃபேக்டரிக்கு ஆடிட்டுக்கு வந்தவங்களாமா, அவரு பாத்ததுமே கண்டுபுடிச்சுட்டாராமா, இப்ப நான் சொன்னதப் பூராவும் எழுதி வெச்சுக்கிட்டு உங்க நம்பரக் கேக்கறாங்க, குடுக்கட்டுங்களா?”