ஏறிக்கொண்டே போன பெட்ரோல் முள்

ஒழுங்காக ஓடுகிற எதையும் சும்மா விட்டுவைக்க என்னால் முடியாது. பிறவிக் கோளாறு. வீட்டுச் சுவர்க் கடிகாரம், அப்பாவின் சைக்கிள் டைனமோ, எங்கள் சர்ச்சின் மைக் செட் என்று நான் பிரித்துப் பார்க்காத பொருள் கிடையாது. கெடுக்க வேண்டும் என்று பிரிப்பதில்லை. உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. திரும்பப் பூட்டும்போது நாலு ஸ்க்ரூ மிஞ்சும். (அதெல்லாம் கம்பெனிக்காரன் தேவையில்லாமல் போட்டது என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. இன்றைக்கு பஸ் ஓடும். நாளைக்குச் சாலையில் புளியமரம் குறுக்கே கிடக்கும். பெட்ரோல் பங்க் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது.

என் அக்கா ஜெயசீலியின் கணவர் பத்திரம் எழுதுகிறவர். எழுத்துக்கு எழுத்து பார்த்து வாழ்கிற மனிதர். அவர் ஒரு சின்ன வெள்ளைக் காரை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். அதில் எப்போதும் பாதி டேங்க் பெட்ரோல் இருக்கும். பாதிக்குக் குறைந்தால் பந்த் நாளில் மாட்டிக்கொள்வோம் என்று பயம். பாதிக்கு மேல் போட்டால் எவனாவது ட்யூப் விட்டு உறிஞ்சிவிடுவான் என்று அதைவிடப் பெரிய பயம்.

அந்தக் காரின் டாஷ்போர்டைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வேகம் காட்ட ஒரு முள், பெட்ரோலுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. அவ்வளவுதான். கடைக்கு ஸ்பேர் வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனபோது, பழைய சாமான் கடையில் ஏதோ வெளிநாட்டுப் பந்தயக் காரிலிருந்து கழற்றிய டயல் செட் ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு முகத்தோடு நாலு வட்டங்கள், சிவப்பு முட்கள். வேகம் இருநூற்று நாற்பது வரை. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட ஒரு தனி டயல். இன்ஜின் சுற்றுவதை எண்ண முடியுமா? எப்படி எண்ணுகிறது? அந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்த பிறகு நான் வாங்காமல் ஊர் திரும்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

“மாமா, வண்டிய ஒரு நாள் குடுங்க. சும்மா தொடச்சித் தர்றேன்” என்றேன்.

மனைவியின் தம்பி கேட்டு இல்லை என்று சொல்ல எந்த மாமாவால் முடியும்? சாவியைக் கொடுத்துவிட்டு, போகிற காரைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

காலையில் ஆரம்பித்து சாயங்காலம் முடித்தேன். பழைய டயல்கள் இருந்த ஓட்டையை ரம்பத்தால் அகலப்படுத்தி, ஒயர்களை நிறம் பார்த்து ஒட்டி (நிறம் சேராத இடத்தில் மனசாட்சியைக் கேட்டு), சாவியைத் திருப்பினேன். எல்லா முள்ளும் எழுந்து நின்றன. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மாமா வந்து குனிந்து பார்த்தார்.

“இன்னா மச்சான், பிளேன் ஓட்டப் போறமா?”

“பெட்ரோல் முள்ளப் பாருங்க மாமா. டேங்க்ல எவ்ளோ இருந்துச்சு?”

“பாதி.”

“முள்ளு இன்னா காட்டுது?”

“பாதி.”

“அவ்ளோதான்!” என்றேன். நான் செய்த ஒரே சோதனை அதுதான்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இருநூத்தி நாப்பதா? இது மாட்டு வண்டிய முந்துனாலே நான் மெழுகுவத்தி ஏத்துறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் ஓர் அதிசயம் நடந்தது. மாமா வண்டியில் போவார், வருவார். பெட்ரோல் முள் மட்டும் கீழே இறங்கவில்லை. பாதியில் இருந்தது முக்காலை நோக்கி நகர்ந்தது. நான் அதை ஆர்வமாகக் கவனித்தேன். பங்க்கில் வரிசையில் நின்று மாமா ஊற்றியிருக்கிறார் போலிருக்கிறது, கேட்டால் அவருடைய பாதி டேங்க் பயத்தைக் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும் என்று வாய் திறக்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கனிவாகச் சிரித்தார். டயல்களை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அக்காவுக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஏழு வருஷம் காத்திருந்தவள். வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. குறிப்பிட்ட தேதிக்குள் சேராவிட்டால் உத்தரவு ரத்து என்று கீழே தட்டச்சு செய்திருந்தது. உத்தரவு வந்த மறுநாள் மரங்கள் விழுந்தன. பஸ் இல்லை. இன்று சாலை திறக்கும், நாளை திறக்கும் என்று பார்த்து, கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று மாலை பள்ளிக்கூடம் மூடுவதற்குள் அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்ட, மாமா பக்கத்தில், அக்கா பின்னால், மடியில் உத்தரவு. பெரிய சாலை அடைத்திருந்ததால் கரும்புக் கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். ஓர் இடத்தில் வேப்பங்கிளை குறுக்கே கிடந்தது. அரிவாளோடு நாலைந்து பேர் நின்றார்கள்.

“எங்கங்க போறீங்க?”

அக்கா ஜன்னல் வழியாக உத்தரவை நீட்டினாள். ஒருவர் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“சர்க்கார் வேலையா? போங்க, போங்க. நாங்களும் அதுக்குத்தான் நின்னுக்கினு இருக்கறோம்” என்றார். கிளையை இழுத்துப்போட்டு எங்களுக்கு வழிவிட்டார்கள்.

கச்சிராயபாளையத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரர் பாட்டில்களில் பெட்ரோல் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

“மலைக்கா போறீங்க? ரெண்டு பாட்டில் ஊத்திக்கினு போங்க. மேல எதுவும் கெடைக்காது.”

“ஊத்திக்கலாம்ங்க” என்றாள் அக்கா.

மாமா டயலைக் காட்டினார். முள் கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது. “ரொம்பி வழியுது ஜெயசீலி. இதுக்கு மேல ஊத்துனா வெளிய கொட்டும்” என்றார். அதைச் சொல்லிவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார். ஏன் தட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தட்டுவதை யார் வேண்டாம் என்பார்கள்?

மலை ஏறத் தொடங்கியதும் முள் இன்னும் ஏறியது. ஏற்றத்தில் வண்டி சாய்ந்திருப்பதால் பெட்ரோல் எல்லாம் பின்பக்கம் போய் நிற்கிறது என்று மாமாவுக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நாலாவது வளைவு தாண்டியதும் முள் நிறைவுக் கோட்டைத் தொட்டது. அதே இடத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று யாராவது நினைப்பார்களா? முள்தான் உச்சியில் இருக்கிறதே! பானெட்டைத் திறந்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். தீப்பொறி தருகிற காயிலைச் சந்தேகப்பட்டேன். நான் மாட்டிய சுற்று எண்ணும் டயலின் ஒயரைச் சந்தேகப்பட்டு, டாஷ்போர்டையே பிரித்து மாமாவின் மடியில் வைத்தேன். பிரிக்கப் பிரிக்கப் புதுசு புதுசாகக் கேள்வி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மணி பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. ஒரு வண்டியும் வரவில்லை. அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, உத்தரவைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

“நடந்தே போயிடறனே அந்தோணி. இன்னும் எவ்ளோ தூரம் இருக்கும்?” என்று கேட்டாள். அப்போதுதான் நான் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. ஏழு வருஷம் காத்திருந்தவளின் வேலை என் ஒயர்களுக்குள் சிக்கிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டரை மணிக்குக் கீழிருந்து ஒரு ஜீப் மூட்டைகளோடு ஏறி வந்தது. டிரைவர் இறங்கினார். பானெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போனார். வண்டியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு டேங்க் இருக்கிற பக்கம் காதை வைத்துக் கேட்டார்.

“உள்ள ஒரு சொட்டு இல்லீங்களே” என்றார்.

“முள்ளு ஃபுல்லுன்னு காட்டுதுங்க” என்றேன்.

அவர் ஒரு குச்சியை ஒடித்து டேங்குக்குள் விட்டு எடுத்து என் கையில் கொடுத்தார். காய்ந்த குச்சி. “முள்ள நம்புறீங்களா, இத நம்புறீங்களா?” என்று கேட்டுவிட்டு, “நம்முளுது டீசல் வண்டிங்க, இல்லேன்னா குடுப்பேன்” என்று அதற்கும் வருத்தப்பட்டார். அக்காவை மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு போனார். வளைவு திரும்பும் வரை அக்கா என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை இங்கே எழுத முடியாது, பெண்பிள்ளைகள் படிப்பார்கள்.

நானும் மாமாவும் தனியாக நின்றோம். காய்ந்த குச்சியை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெளிநாட்டு டயலுக்கு நம் டேங்கின் கணக்கு தலைகீழ். பெட்ரோல் குறையக் குறைய முள் மேலே ஏறியிருக்கிறது. பாதியில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். மாமாவின் டேங்கில் அன்று இருந்தது சரியாகப் பாதி!

“மச்சான்... ரெண்டு வாரமா நீ பெட்ரோல் ஊத்தலையா?” என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

“நானா? நீங்கதான் ஊத்துறீங்கன்னு நெனச்சேன்.”

“நான் எங்க ஊத்துனேன்? வண்டிய ரம்பத்தால அறுத்துட்டோமேன்னு மனசு கேக்காம நீதான் எனக்குத் தெரியாம ஊத்திக்கினு இருக்கறன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவியேன்னு வுட்டுட்டேன்.”

அந்தக் கனிந்த சிரிப்புக்கும் தோளில் விழுந்த தட்டுக்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஒரு மாமனும் மச்சானும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையில் ஒரு டேங்க் காலியாகியிருந்தது.

அக்கா மூன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். தலைமையாசிரியர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டாராம். ஜீப்பில் இருந்தவை சாமை மூட்டைகள். தலையெல்லாம் உமியோடு போய் நின்ற புது டீச்சரைப் பார்த்துவிட்டுப் பூட்டைக் கீழே வைத்தாராம். பணிப் பதிவேட்டில் ‘பிற்பகல்’ என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை அக்கா என்னை மன்னிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பணி ஓய்வு விழாவிலும் மேடையேறி, “என் சர்வீஸ்ல அரை நாள் கொறையுதுங்க. அதோ மூணாவது வரிசையில உக்காந்திருக்கிறாரே, அவர்தான் முழுங்கினது” என்று சொல்லி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் காரும் ஆட்டாமல் கிளம்பியதில்லை. ஒருவர் ஆட்டுவார், ஒருவர் காதை வைத்துக் கேட்பார். கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அப்படித்தான்.

போன மாதம் என் மகன் பேட்டரியில் ஓடுகிற கார் வாங்கி வந்தான். முள்ளே கிடையாது, டாஷ்போர்டு முழுக்க ஒரே திரை. இதற்குள் என்ன இருக்கும் என்று என் விரல்கள் பரபரத்தன. வெள்ளிமலைக்கு ஒரு நடை போய்வரலாம் என்று எல்லாரும் கிளம்பினோம்.

மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியின் பின்னால் வந்து நின்றார். “மச்சான், ஆட்டு” என்றார். ஆட்டினேன். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, காதை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

“ஒண்ணுமே கேக்கல. நான் பஸ்லயே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.