ஆஸ்துமா தடுக்கப்பட்ட குடியிருப்பு

பஸ் கண்டக்டருக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பு வீட்டில் எல்லா வசதிகளும் இருந்தன, சுவருக்குள் தண்ணீர் உட்பட. படுக்கையறைச் சுவர் வருஷம் முழுவதும் ஊறி, கறுப்பாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. "உங்க மனைவிக்கு ஆஸ்துமா இருக்கு. பொண்ணுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. அவளுக்கும் வர்றதுக்கு முன்னாடி சுவரைச் சரிபண்ணிடுங்க," என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி மூச்சுக்குத் திண்டாடுவதைக் கூடவே இருந்து பார்ப்பவர் கண்டக்டர். மகளுக்கு அது வரவே கூடாது.

நல்லவேளையாக இதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. ஆஸ்துமா வருமுன் காப்பு அலுவலகம் என்று பெயர்.

"குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல சார். வரக்கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

"எப்பலேர்ந்து இல்ல?"

கண்டக்டர் யோசித்தார். "பிறந்ததிலேர்ந்தே இல்ல சார்."

"அப்ப தடுத்தாச்சு."

அதிகாரி பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி, 'மேற்படி குழந்தைக்கு வரவிருந்த ஆஸ்துமா இவ்வலுவலகத்தால் தடுக்கப்பட்டது' என்று ஒரு சான்றிதழை நீட்டினார்.

"சார், சுவரு?"

"தடுத்த நோயை எத்தனை தடவைங்க தடுக்கிறது?"

விஷயம் பரவியது. ஒரே மாதத்தில் குடியிருப்பே திரண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியது. மாடி வீட்டு அம்மாள், "எங்க பையனுக்கு ரெண்டு தடவை தடுத்திருக்காங்க," என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். சான்றிதழ் இல்லாத பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று குழந்தைகள் காப்பகமும் அறிவித்தது.

அந்தக் காப்பகத்தில்தான் ஒரு மத்தியானம் கண்டக்டரின் மகளுக்கு இழுப்பு வந்தது. ஆஸ்துமாதான் என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கண்டக்டர் தோளில் டிக்கெட் பையோடு அலுவலகத்துக்கு ஓடினார்.

"இழுக்குது சார்."

"இழுக்க முடியாதே," என்று அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "புகாரா எழுதிக் கொடுங்க, எடுத்துக்கிறேன். ஆனா உங்க குடியிருப்பு முழுக்க ஒரே மாதிரி சுவரு. எல்லார் சான்றிதழையும் ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வீடு தேடி வந்துவிட்டார்கள்.

"ஒரு குழந்தை இருமினதுக்காக எங்க பிள்ளைங்க எல்லாம் வீட்ல உக்காரணுமாண்ணே?" என்று மாடி வீட்டு அம்மாள் இருமிக்கொண்டே கேட்டார். வந்தவர்களில் இருமாதவர் யாருமில்லை.

கண்டக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் காப்பகம் இல்லையென்றால் மனைவி வேலைக்குப் போக முடியாது. மகளுக்கு ஒன்றுமில்லை என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டபின் மகள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அடுத்த வாரம் இரண்டு ஆட்கள் வாளிகளோடு வந்தார்கள். கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலைக்கூட அவரே நகர்த்திக் கொடுத்தார். ஒருவன் வாளித் தண்ணீரை மொண்டு சுவரில் அடித்தான்.

"என்னப்பா, பூசலையா?"

"பூசறதா? ஆர்டரைப் படிங்க சார்."

படித்தார். 'இக்குடியிருப்பில் ஒரு குழந்தைக்கும் ஆஸ்துமா இல்லாமைக்கு ஈரச் சுவரே காரணம் எனக் கண்டறியப்பட்டுள்ளது. சுவர் காயாமல் பாதுகாக்கப்பட வேண்டும். இத்திட்டம் பிற குடியிருப்புகளுக்கும் விரிவுபடுத்தப்படும்.' ஆதாரமாக இணைத்திருந்தது ஒரே ஒரு கடிதம். கீழே இருந்த கையெழுத்து அவருடையது.

பக்கத்து அறையில் மகள் இழுத்து இழுத்து மூச்சுவிடுவது வாசல்வரை கேட்டது. வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தார், அது காதில் விழாத மாதிரி வாளிக்காரனிடம் கேட்டார்கள்:

"எங்க சுவருக்கு எப்பங்க வருவீங்க?"