மேலே உப்புத்தாள், அடியில் ஓவியம்

பினாங்குத் தீவிலேயே ஸ்கேட்போர்டைப் பார்த்து முறையாகக் கோபப்பட்ட ஒரே மனிதர் ‘ரெண்டு கோட்டு’தான். நாங்கள் எல்லாம் சும்மா சத்தம் போட்டவர்கள். அவர் காரணத்தோடு கொதித்தவர்.

டத்தோ கெராமட் சாலையில் பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்தார். லாரிக் கதவானாலும் கடை முகப்பானாலும், “ரெண்டு கோட்டு அடிக்கணும், இல்லாட்டி அது சாயமில்ல, தண்ணி” என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. அவர் கடைக்கு மேல் மாடியறையில் நான் குடியிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்கும் தண்டனை எனக்குக் கிடைத்தது.

எண்பதுகளின் கடைசியில் அந்தச் சனியன் பிடித்த பலகை எங்கள் தெருவுக்குள் உருண்டு வந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, கேட்கிறேன். நாலு சக்கரம் வைத்தவனுக்கு ஒரு பிரேக் வைக்கத் தோன்றவில்லையா? முன்னால் போகிற வண்டியில் ஏன் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும்? இரண்டு முனையும் தூக்கிக்கொண்டிருந்தால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது? புதுச் சப்பாத்து வாங்கி ஒரே வாரத்தில் கிழித்துவிட்டு, கிழிந்ததைப் பெருமையாகக் காட்டுகிறான்கள். சிலுவார் கிழிந்து முட்டி தெரியாவிட்டால் அவனைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. நாள் முழுக்க விழுந்து எழுந்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வேறு.

ரெண்டு கோட்டு இதையெல்லாம் மன்னித்தார். பையன்கள் வெறும் பலகையைக் கொண்டுவந்து, அடியில் படம் வரைந்து தரச் சொன்னபோது சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார். முதல் படம் ஒரு புலி. மீசை மீசையாகப் பிரித்து வரைந்து, இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்தப் பையன் பலகையைத் திருப்பிக் காட்டினான். வால் மட்டும் இருந்தது. புலியைக் காணோம்.

எந்தப் படுபாவி செய்தது, வா போலீசுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பையன் நெளிந்தபடி, தான்தான் தேய்த்ததாகச் சொன்னான். படிக்கட்டு விளிம்பிலும் இரும்புக் குழாயிலும் பலகையின் வயிற்றை வைத்துச் சறுக்குவதுதான் இந்த விளையாட்டிலேயே பெரிய வித்தையாம். ரெண்டு கோட்டு அப்படியே சாய டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“கால் வைக்கிற எடத்துல உப்புத்தாள ஒட்டுறீங்க. கல்லுல தேய்க்கிற எடத்துல படம் கேக்குறீங்க. ஏன்டா தம்பி, உங்க வீட்டுல கால்மிதிய செவத்துல மாட்டிட்டு, சாமி காலண்டர தரையில விரிப்பீங்களா?”

அன்றைக்கே சட்டம் போட்டார். தேய்த்தவனுக்கு மறுபடி படம் கிடையாது. ஆனால் வரைவதை நிறுத்தவும் முடியவில்லை அவரால். லாரிக் கதவில் கம்பெனி பெயரும் தொலைபேசி எண்ணும்தானே எழுதச் சொல்கிறார்கள், புலியையும் கழுகையும் வேறு யார் கேட்கிறார்கள்? ஒரே ஒரு படமாவது முழுசாக நிற்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. அதற்காக அவர் பட்ட பாட்டை எழுதினால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

படத்தைச் சுற்றி ‘தேய்க்காதீர்’ என்று தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதிப் பார்த்தார். முதலில் தேய்ந்தது அதுதான். பையன்கள் கூடும் எஸ்பிளனேட் கடற்கரைப் படிக்கட்டில் முக்காலி போட்டுக் காவல் இருந்தார். அவர்கள் அடுத்த படிக்கட்டுக்குப் போனார்கள். கடைசியில் ஒருவனுக்குப் பலகையின் மேல்பக்கம் கழுகை வரைந்து பளபளவென்று வார்னிஷ் ஏற்றி, உப்புத்தாளை அடியில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். அவன் நம்பி ஏறினான். வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தான். ரெண்டு கோட்டு பதறியடித்து ஓடிப்போய் முதலில் பலகையைத்தான் தூக்கினார்.

“படத்துக்கு ஒண்ணும் ஆகலைலா” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். பையனை நாங்கள்தான் தூக்கினோம்.

இப்படி இருக்கும்போதுதான் கணேசன் வந்தான். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கும் பாக்கியம் அக்காவின் ஒரே மகன். இருபது வயதாகி, பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மண்டை ஓடு வேண்டும், கண்ணிலிருந்து நெருப்பு வர வேண்டும் என்றான். ரெண்டு கோட்டு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அந்த மனிதர் அவ்வளவு சாதுவாகத் தலையாட்டினால் வில்லங்கம் என்று அப்போதே எனக்குப் பட்டது.

வேலை முடிந்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கணேசன் பிரித்தான். உள்ளே பாக்கியம் அக்கா. வரிசையில் முந்துகிறவனைக் கரண்டியோடு நிமிர்ந்து பார்ப்பாரே, அதே பார்வை. கணேசன் பலகையைக் கீழே போட்டான். உடனே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்மா மேல் ஏறி எப்படி நிற்பது என்று அழாத குறையாகக் கேட்டான்.

ரெண்டு கோட்டு அதற்கும் பதில் வைத்திருந்தார். “நீ நிக்கப்போறது உப்புத்தாள் மேல. நடுவுல கெட்டிப் பலகை இருக்கு. ஏறலாம், தப்பில்ல. தேய்ச்சியோ, அப்புறம் உன் பாடு.”

அக்கிரமம் இல்லையா இது? வயசுப் பையன், அதற்குப்பின் ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா மாதிரி நேராகப் போய் நேராக வந்தான். கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர்களும் ரொம்பச் சிரிக்க முடியவில்லை, எல்லாரும் அக்கா கேன்டீனில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். அந்தப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால் பக்கத்தில் எவனும் சிகரெட் பற்றவைக்க மாட்டான். ரெண்டு கோட்டோ, படம் முழுசாக இருக்கிறதா என்று தினமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பசியாறப் போவார்.

அப்புறம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர் எஸ்பிளனேடில் போட்டி வைத்தார். நடுவில் நீளமாக ஒரு இரும்புக் குழாய். அதில் சறுக்கி இறங்கினால்தான் கணக்கு. கணேசன் வேகமாக வருவான், குழாய்க்குப் பக்கத்தில் வந்ததும் குதித்து இறங்கிவிடுவான். மறுபடியும் வருவான், மறுபடியும் இறங்குவான். ரெண்டு கோட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் தலையில் சாய டின்னைக் கவிழ்த்திருப்பேன்.

பையன்களுக்கு மீ கோரெங் பொட்டலம் கட்டிக்கொண்டு பாக்கியம் அக்கா வந்திருந்தார். மற்றவர்கள் சறுக்குகிறார்கள், இவனுக்கு மட்டும் என்ன கேடு என்று என்னைக் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். அக்கா விடுவிடுவென்று நடந்துபோய் மகன் கையிலிருந்த பலகையைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். இன்றைக்கு ரெண்டு கோட்டுக்கு அறை நிச்சயம் என்று நாங்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றோம்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க அண்ணே” என்றார். பிறகு மகனிடம் திரும்பினார். “நான் இங்க முழுசாத்தானே நிக்கிறேன். அது சாயம்டா. பயப்படாம தேய்ச்சிட்டு வா.”

சாயமா என்று ரெண்டு கோட்டு வாயைத் திறந்தார். அதற்குள் கணேசன் பலகையை ஒருமுறை கும்பிட்டான். ஓடி வந்தான், எகிறினான், குழாய்மேல் ஏறி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கர்ரென்று சறுக்கிக் கீழே இறங்கி நின்றான். கூட்டம் கத்தியது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெண்டு கோட்டு நேராகப் போய்ப் பலகையைத் திருப்பினார். முகத்தில் மூக்கு இல்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அக்கா கொடுத்த பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை.

மறுநாள் காலை கீழே பேச்சுக்குரல் கேட்டு இறங்கினேன். கடையில் ரெண்டு கோட்டு முக்காலி போட்டுப் பாக்கியம் அக்காவை உட்கார வைத்திருந்தார். தலையை ஆட்டக்கூடாது என்று அக்காவுக்கே அதட்டல் வேறு. கணேசன் வாசலில் தயங்கி நின்றான். தேய்த்தவனுக்குக் கிடையாது என்றுதானே சட்டம் என்று மெதுவாகக் கேட்டான்.

ரெண்டு கோட்டு திரும்பிப் பார்க்கவில்லை. “தேஞ்சதுக்கு எவன்டா வரையறான்? மூக்கு மொதல்லயே சரியா வரல. அதத்தான் திருத்துறேன்.”

மூக்கு முதலிலேயே அச்சாக வந்திருந்தது. தெருவுக்கே தெரியும். கோள் சொல்லாத வாய் ஒன்றுகூட இல்லாத தெரு அது, ஆனாலும் அதை மட்டும் ஒருவரும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.