டைட்டஸுக்குப் பொறாமையே கிடையாது

டைட்டஸுக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொன்னார். அந்த ஜூன் மாதம் முழுக்கச் சொன்னார். பல் விளக்கும்போது சொன்னார். ஷூ மாட்டும்போது சொன்னார். யாரும் கேட்காதபோதும் சொன்னார்.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் அவர் லேப் இன்சார்ஜ். லாரி லாரியாகத் தோத்தாபுரி மாம்பழம் வந்து இறங்கும். அரைத்த கூழில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்து, இனிப்பு இவ்வளவு, புளிப்பு இவ்வளவு என்று புள்ளி பிசகாமல் சொல்வார். இருபது வருடமாக இதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கருவி தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். "சாம்பார் எப்படிங்க இருக்குது?" என்று மனைவி ஈவ்லின் கேட்டால், "போன வாரத்துக்கு ஒரு பாயிண்ட் உப்பு ஜாஸ்தி" என்பார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது கடைசி வரை தெரியாது.

சீசன் தொடங்குமுன் கம்பெனியில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, எல்லாரையும் போனில் நாற்பது கேள்விக்குப் பதில் அமுக்கச் சொன்னார். நாம் எந்த வகை மனிதர் என்று கடைசியில் போனே சொல்லிவிடுமாம். டைட்டஸுக்கு வந்தது இது: 'ஆராய்ச்சி மனம் படைத்தவர். உணர்ச்சி இவரை ஆளாது. தன்னைத் தானே நன்கு அறிந்தவர். பொறாமை: நூற்றுக்கு இரண்டு.'

அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார். பிறகு தேற்றிக்கொண்டு, அதைத் தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினார். அங்கே புது வருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு சாண் கீழே இறக்கினார்.

"ஏங்க, வேத வசனத்துக்கு மேலயா உங்க பேப்பர்?"

"அது வாக்குத்தத்தம், இனிமேதான் நடக்கணும். இது ரிசல்ட். நடந்துடுச்சு."

சண்டை ஈவ்லினுக்குக் கிடைத்த வேலையில் ஆரம்பித்தது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தமிழ்நாட்டு நோயாளிகள் நிறைய வருகிறார்கள். தெலுங்கு புரியாமல் அலைகிறார்கள். இரண்டு பாஷையும் பேசி வழி காட்ட ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஈவ்லின் போய்ப் பார்த்தாள், வேலை கிடைத்துவிட்டது. ஒரே மகன் சென்னையில் படிக்கப் போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை டைட்டஸ் பார்த்ததில்லை. அதற்கும் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அவள் அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஜெபதாஸ் பிரதர் டெய்லி கார்ல போறாரே. ரெண்டு நர்ஸம்மா வராங்களாம், ஒரு சீட்டு காலியா கீதாம். வாங்க சிஸ்டர்னாரு."

ஜெபதாஸ் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவு. டைட்டஸ் போகும் சபையில் பாடகர் குழு. நாற்பத்தைந்து வயதிலும் தலையில் ஒரு முடி குறையவில்லை. டைட்டஸுக்கோ, சீப்பு வாங்கியே எட்டு வருடம் ஆகிறது. ஜெபதாஸ் கண்ணை மூடித் தனிப்பாட்டு எடுத்தால் பெண்கள் பக்கம் ஆடிக்கொண்டிருந்த விசிறி எல்லாம் அப்படியே நின்றுவிடும். போன மாதம் சர்ச் வாசலில் அவர் ஏதோ சொல்ல, ஈவ்லின் பதினொரு விநாடி சிரித்தாள். டைட்டஸ் வாட்சைப் பார்த்துக் கணக்கெடுத்தார். அது பொறாமை அல்ல, அளவெடுப்பு.

"லாஜிக்கா பேசுவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போவ எழுபது கிலோமீட்டர்."

"அவரு ஓட்டறாரு. நான் என்ன தள்ளிக்கினா போவப் போறேன்?"

"உனக்கு வாந்தி வரும்."

"அது பஸ்ல. கார்ல வராது."

"சமையல்?"

"விடியறதுக்குள்ள ஆக்கி வச்சிடறேன்."

"ரோடு வேலை நடக்குது."

"அது முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆவுதுங்க."

"ஏசி உனக்கு ஒத்துக்காது."

"ஜன்னலைத் திறந்துக்கறேன்."

"தூசி வரும்."

"முக்காடு போட்டுக்கறேன்."

"காத்துல முக்காடு நிக்காது."

"சாலுங்க, போதும்." அவள் இடுப்பில் கை வைத்தாள். "நேரா கேக்கறேன். பொறாமையா?"

டைட்டஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரைக் காட்டி இரண்டு விரலை உயர்த்தினார்.

"எனக்கு உன்மேல ஒரு சந்தேகமும் இல்ல" என்றார் பிறகு. "அந்த ஆளோட குணம்தான் தெரியணும். டெஸ்ட் பண்ணிடுவோம்."

"அவரைக் கூப்ட்டுக் கேக்கட்டா?"

"சே! ஒருத்தன் தன்னைப் பத்தித் தானே சொல்றதெல்லாம் டேட்டாவா? கூடக் குடும்பம் நடத்தறவங்க சொன்னாத்தான் உண்மை வரும்."

ஈவ்லின் சுவரில் தொங்கிய தாளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது வேற" என்றார் டைட்டஸ் அவசரமாக. "நான் நேர்மையா போட்டது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே நாற்பது கேள்வியையும் தாளில் எடுத்து, மேலே 'ஜெபதாஸ்' என்று எழுதி அவளிடம் கொடுத்தார். ஜெபதாஸ் மனைவி கிருபாபாயிடம் தந்து, காதும் காதும் வைத்தாற்போல் எழுதி வாங்க வேண்டும். அதுவரை வேலைப் பேச்சு கூடாது.

அடுத்த ஆறு நாளும் மாம்பழம் மலையாக வந்து குவிந்தது. டைட்டஸ் காலை ஆறுக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வருவார். லேபில் கூழைப் பார்த்தால் ஜெபதாஸின் முடி நினைவுக்கு வந்தது. யாராவது ஓரமாகப் பாட்டு முணுமுணுத்தால் புளிப்பு ஏறியது. சோறு இறங்கவில்லை. ஜெபதாஸையும் தன்னையும் ஒரு தாளில் எழுதி மார்க் போட்டுப் பார்த்தார். நடுநிலையோடு போட்டதில் டைட்டஸ் எண்பத்தேழு, ஜெபதாஸ் நாற்பத்தொன்று. முடி, குரல், கார் மூன்றையும் 'சம்பந்தமில்லாதவை' என்று தள்ளிவிட்டிருந்தார்.

ஒரே ஆறுதல் வீடுதான். ஈவ்லின் அந்த வாரம் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. முகம் கோணவில்லை. சோறு பரிமாறும்போது ஒரு பாட்டுகூட முணுமுணுத்தாள். 'என் விளக்கம் வேலை செய்கிறது' என்று டைட்டஸ் டைரியில் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து மட்டன் குழம்பும் சோறும் ஆன பிறகு, ஈவ்லின் தாளை நீட்டினாள். டைட்டஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் பொருத்தமானதைப் போனில் அமுக்கினார். அமுக்க அமுக்க முகம் மலர்ந்தது.

"கேளு இதை! 'மனைவி மற்றவரோடு சிரித்தால்?' 'வெளியே சிரிப்பார். வீட்டுக்கு வந்து சோறு துன்ன மாட்டார்.' பாத்தியா அந்தாளை!"

"அடப் பாவமே" என்றாள் ஈவ்லின்.

"'வாதத்தில் தோற்றால்?' 'புதுக் காரணம் தேடுவார்.' 'தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்?' 'தப்பே செய்யாதவர் என்று.' சே சே! 'இரவில் தூக்கம்?' 'புரண்டு புரண்டு படுப்பார். கேட்டால் கொசு என்பார்.' இப்படியும் ஒரு ஆம்பளை! கிருபாபாய் எப்படித்தான் கூட இருக்குதோ!"

போன் ரிசல்ட்டைக் கொடுத்தது. 'உணர்ச்சி ஆளும் மனம். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவர். பொறாமை: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.'

டைட்டஸ் எழுந்து நின்றே விட்டார். ஒரு வாரமாகக் காணாத பசி அப்போதுதான் வந்தது. இன்னொரு துண்டு மட்டன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இந்த மாதிரி ஆளை வச்சிக்கினு அந்தம்மா இன்னாதாங்க பண்றது?" என்று ஈவ்லின் கவலையாகக் கேட்டாள். "நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

யாராவது வழி கேட்டால் டைட்டஸுக்கு நாக்கு நிற்காது. "சிம்பிள். இந்த வகை ஆள்கிட்ட வாதாடவே கூடாது. பத்துக் காரணம் சொல்லுவான். ஒண்ணும் நிஜமா இருக்காது, உள்ள எரியறது ஒண்ணே ஒண்ணுதான். பர்மிஷன் கேக்கக் கூடாது. அவன் பாட்டுக்குப் பேசட்டும், அந்தம்மா தன் வேலையைப் பாத்துக்கினு போய்க்கினே இருக்கணும். தானா வழிக்கு வருவான்."

"நல்லா சொன்னீங்க."

"கிருபாபாய்கிட்ட சொல்லு இதை."

"எங்கே சொல்றது? அவங்க வெதுருகுப்பத்துல அம்மா வீட்டுல கீறாங்க. போயி பத்து நாளாவுது."

டைட்டஸின் வாயில் மட்டன் நின்றது. "அப்போ இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீயா?" அவர் முகம் கழுத்து வரை சிவந்தது. "அந்தாள் ராத்திரி புரண்டு படுக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"கூடக் குடும்பம் நடத்தறவங்க எழுதணும்னீங்களே" என்றாள் ஈவ்லின், தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே. "நான் யார்கூடக் குடும்பம் நடத்தறேனோ, அவரைப் பத்தி எழுதினேன். மேலே பேருதான் நீங்க தப்பாப் போட்டுட்டீங்க."

டைட்டஸ் தாளை மறுபடி எடுத்தார். தோற்றால் புதுக் காரணம். கொசு. ஒவ்வொன்றாகப் படித்தார். மறுக்க ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினார். இருபத்தாறாம் கேள்வியில் ஒரு எழுத்துப் பிழை மட்டும் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

"அவன் பாடறப்போ நீ கண்ணை மூடிக்கறே" என்றார் கடைசியில். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எனக்கு ஒரு பாட்டுக்கூட வராது. கூழை மட்டும்தான் பாக்கத் தெரியும். நீ அந்தக் கார்ல போனா... தினம் ரெண்டு மணி நேரம்... அப்புறம் சாயங்காலம் வந்து என்னைப் பாத்தா உனக்கு எப்படி இருக்கும்? பொறாமைதான் ஈவ்லின். ரெண்டெல்லாம் இல்ல."

ஈவ்லின் அவரையே பார்த்தாள். அவள் கண் லேசாகக் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது.

"அவரு பாட்டுக்கா கண்ணை மூடறேன்? விடியக்காலைல எழுந்து ஆக்கி வச்சிட்டு வந்து உக்கார்றேன். தூக்கம் வருதுங்க."

டைட்டஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் ஆயிற்று. மறுபடி மனிதரானார். மனிதரானதும் பழையபடி பெரிய மனிதராகவும் ஆனார். தொண்டையைச் செருமினார்.

"சரி. ஆராய்ஞ்சு பாத்துட்டேன். என்னை நானே ஜெயிச்சிட்டேன். நீ வேலைக்குப் போலாம். நாளைக்கு முதல் நாள், கம்பெனிக்கு லேட்டாப் போனாலும் பரவால்ல, நானே வாசல்ல நின்னு கார்ல ஏத்தி அனுப்பறேன்."

ஈவ்லின் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு எனக்கு ஏழாவது நாளுங்க."