கஸ்தூரி அக்காவைக் காப்பாற்றப் போன கதை

எனக்கு நீச்சல் தெரியாது. இதில் வெட்கம் ஒன்றுமில்லை. மீஞ்சூரில் பிறந்தவளுக்கு ரயிலைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் நீச்சல் தெரியாமலே இன்னொருத்தியைக் காப்பாற்ற ஏரியில் இறங்கினேன் பாருங்கள், அந்த வீரத்தைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பழவேற்காட்டில் ஒரு வாடகை வீடு. மனநல மருத்துவமனையில் வருஷக்கணக்கில் இருந்து, நோய் கட்டுக்குள் வந்தும் கூட்டிப்போக ஆளில்லாத மூன்று பெண்கள் அங்கே குடித்தனம் நடத்தினார்கள். தினமும் போய் அவர்களுக்குத் துணையாக இருப்பது என் வேலை. (துணையா! படித்து முடித்த மிதப்பில், கத்தரிக்காய் நறுக்கும் கத்தியைக்கூட ஒளித்து வைத்திருந்தேன்.)

அன்று பத்து மணிக்கு வீட்டுக்காரர் காதர் பாய் வருவதாக இருந்தது. பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிறது. "அக்கம்பக்கத்துல பயப்படுறாங்கம்மா, நேர்ல பாத்துட்டுதான் சொல்வேன்" என்று போனில் சொல்லியிருந்தார். எங்களில் யாரையும் அவர் அதுவரை பார்த்ததில்லை. அவர் முடியாது என்றால் மூன்று பேரும் மறுபடி வார்டுக்குத்தான்.

ஒன்பதரைக்குப் போனால் கஸ்தூரி அக்காவைக் காணோம். மற்ற இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏரிக்குப் போச்சு" என்றார்கள்.

ஓடினேன். தூரத்தில், கழுத்தளவு தண்ணீரில் அக்காவின் தலை மட்டும் தெரிந்தது. அதுவும் மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா! வந்துடுங்கக்கா!"

திரும்பிப் பார்த்தார். பதிலே இல்லை. பாய், ஒப்பந்தம், வேலை எல்லாம் மறந்துபோயிற்று. அந்தத் தலை முங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். செருப்போடு இறங்கினேன்.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன், சேறு முழங்கால்வரை இழுத்துக்கொண்டது. ஒரு காலை உருவினால் மற்றது இறங்கியது. மல்லாந்து விழுந்து, வாய்க்குள் உப்புத்தண்ணீர் போக, "ஐயோ, அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கரைக்கு ஓடிவந்தார்கள். கூடவே, வெள்ளை வேட்டியில் காதர் பாய். (சொன்ன நேரத்துக்கு வருகிற வீட்டுக்காரர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.)

அப்போதுதான் அக்கா எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்புக்குக்கூட வரவில்லை! இத்தனை நேரம் குந்தியபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இறாலைப் போட, பக்கத்து வீட்டில் வாங்கிய பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்ததால் பேச முடியவில்லை. சின்ன வயதில் இதுதான் அவர் பிழைப்பாம். ஒருநாளாவது நான் கேட்டிருந்தால்தானே தெரியும்.

விறுவிறுவென்று வந்தவர் பறியைக் கரையில் வைத்துவிட்டு, அக்குளில் கைகொடுத்து என்னை உருவியெடுத்தார்.

"இன்னா கண்ணு, சேத்துல செருப்போட எறங்குவாங்களா? பாய் வர்றாரே, கொழம்புக்கு ரெண்டு எறா பாக்கலாம்னு வந்தேன். அதுக்கு இப்டி அழுதுனு கீறியே."

நான் விக்கி விக்கி அழுதேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "ஒங்கள மாதிரி ஒருத்தங்க கூட இருந்து பாத்துக்குறப்போ எனக்கு இன்னாம்மா பயம்? வீட்ல இருங்க. இந்தப் பொண்ண மட்டும் தனியா வெளிய வுடாதீங்க, பாவம்."

சாப்பிடும்போது அக்காவே சொல்லிவிட்டார். "பாய், ஆஸ்பத்திரில இருந்தது நாந்தான். இன்னிக்கும் மாத்திர போடுறேன். அது எங்கள பாத்துக்க வந்த பொண்ணு."

பாயின் கை தட்டிலேயே நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குழம்பைப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதாம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

நான்கு வருஷமாகிறது. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போதும், நான் எதிரில் நிற்க நிற்க, பாய் அக்காவிடம்தான் விசாரிப்பார்: "அந்தப் பொண்ணுக்கு இப்ப தேவலாமா?"

அக்கா சிரிக்காமல் சொல்வார்: "பரவால்ல பாய். தண்ணிகிட்ட மட்டும் வுடறதில்ல."