கம்பெனி கேட்டில் கிடந்த செல்லும் நான் கழற்றிய பூட்டும்

ஆமாலே, நீ போட்ட பூட்டைக் கழட்டுனது நான்தான். சென்னையில் சவுக்கியமாக இருக்கும் தங்கச்சி மகன் பாலகுருவுக்கு, மருமகள் ஸ்ரீமதி செல்லைப் பிடித்துக்கொள்ள, திருத்தங்கலில் இருந்து மாமன் சங்கிலிமுத்து பேசப் பேச அதுவே எழுதும் கடிதம். இங்கு யாவரும் நலம். உனக்குத்தான் ரத்தக்கொதிப்பு என்று நீ போனில் கத்தியதிலேயே தெரிந்தது.

நம்ம ரத்ததான வெப்சைட்டுல மெஷின் வந்து லாட்டரி, முடி எண்ணெய்னு கமெண்ட் கொட்டுதுன்னு, எழுதுறவுக செல்லுக்கு ஒரு நம்பர் அனுப்பி, அதைப் போட்டாத்தான் உள்ள விடுறாப்புல பூட்டுப் போட்ட. கெட்டிக்காரன்தான். ஆனா வெடி கம்பெனிக்குள்ள போறவுக செல்லை கேட்டுல வாங்கி வச்சிருவாகங்கிறது உனக்கு மெட்ராஸ் தண்ணியில மறந்துபோச்சு. திங்கட்கிழமை பேச்சியம்மாள் மகளுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ் வேணும். தாய்க்காரி வெடி கம்பெனி வேலையில இருந்து, கேட்டுல கொடுத்த செல்லைக்கூட வாங்காம அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி, நர்ஸ் ஜெமிமா செல்லை வாங்கி நம்ம பக்கத்துல எழுதி, பழக்கத்துல தன் நம்பரைப் போட்டுட்டா. உன் பூட்டு அனுப்புன நம்பர், கம்பெனி வாட்ச்மேன் பெட்டிக்குள்ள கிடந்து அலறுது. ஜெமிமா எனக்குப் போன் போட்டு, "தாத்தா, ஒரு மணி நேரந்தான் தாங்கும்"னா. உடனே கழட்டுனேன் பூட்டை. பத்து நிமிசத்துல ஆனைக்குட்டம் சின்னச்சாமி "வாரேன்"னு எழுதிட்டு பைக்கை எடுத்துட்டாரு. தாயும் பிள்ளையும் பிழைச்சாக.

பொறகு மெஷின் முந்நூறு கமெண்டோட நுழைஞ்சுச்சு, இல்லைங்கல. நானும் சும்மா இருக்கல. ஸ்ரீமதியை வச்சு வாசல்ல ஒரு கேள்வி போட்டேன்: "வேலைக்குப் போறப்ப செல்லை எங்கன வைப்பீக?" நம்மாளுக கண்ணை மூடிக்கிட்டு "கேட்டுல"ம்பாக. மெஷின் முழிச்சுச்சு. ரெண்டு நாள் ஒண்ணுகூட நுழையல. உன் இஞ்சினியர் படிப்பு தோத்துச்சு, என் நாலாங்கிளாஸ் ஜெயிச்சுச்சு. கோவிச்சுக்கிடாத.

வேளைக்குச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு, மாமனை எதிர்த்துப் பேசாத புத்தியோடு இருக்க ஆசீர்வாதம்.

பின்குறிப்பு: ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. வெளியூர்க்காரவுகளுக்கு நம்ம கம்பெனி வழக்கம் தெரியாதேன்னு பாவப்பட்டு, நேத்து சாயங்காலம் விடையையும் கேள்விக்குப் பக்கத்துலயே எழுதிவிட்டேன். இப்ப மெஷினெல்லாம் "கேட்டுல"ன்னு மரியாதையாச் சொல்லிட்டு உள்ள வருது. விடிஞ்சதுல இருந்து நானூறு. நடுவுல எங்கனயோ ஒருத்தர் பி நெகட்டிவ் அவசரம்னு எழுதுனாப்புல இருந்துச்சு, தள்ளிக்கிட்டே வந்தேன், மறுக்கா காணோம்... ஏம்மா ஸ்ரீமதி, செல்லைக் கீழ போட்டுட்டு கம்ப்யூட்டர்கிட்ட எங்கன ஓடுற? நான் இன்னும் முடிக்க