கிட்டார் பெட்டிக்கு எர்த் கொடுத்த வரலாறு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணி மாதம், மனித குலத்தின் பாதுகாப்பு தாயில்பட்டிக்கு மேற்கே இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பாட்டாக அவதரித்தது. மௌனகுரு பயர் ஒர்க்ஸ் நிர்வாகம் அதற்குப் "பாதுகாப்பு கீதம்" என்று பெயர் சூட்டியது. பாதுகாப்பு வாரத்தில் ஆய்வு அதிகாரி முன்னிலையில் அதை வெளியிடுவதென்று, நான்கு தட்டு காராச்சேவு தீர்வதற்குள் கூட்டம் ஏகமனதாக முடிவெடுத்தது. கையுறை வாங்குவது பற்றிய இரண்டாம் தீர்மானம், காராச்சேவு தீர்ந்துவிட்ட காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது.

பாட்டு மதுரையில் பதிவாகிவிட்டது. கிட்டார் மட்டும் பாக்கி. வாசிக்க வேண்டியவர் சின்ன முதலாளி சரவணக்குமார். அவர் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி நாற்பது கிலோ, வால்வு வைத்தது, அதற்குப் பஸ் பயணம் ஆகாது. ஆகவே ஒலிப்பதிவே பெட்டியைத் தேடி ஆபீசுக்கு வந்தது. விருதுநகரில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் பீர் முகைதீன், மிக்சரோடும் கம்ப்யூட்டரோடும் வந்து இறங்கினார். வெடிமருந்துக் கலவை அறையில் வேலை பார்க்கும் பெத்தணன், அன்றைய கலவையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த குற்றத்துக்காகச் சாமான் தூக்க அழைக்கப்பட்டார்.

முதலில் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைத்தார்கள். "பத்திரமாய் இருப்போம்" என்ற வரிக்குச் சின்ன முதலாளி கம்பியை மீட்டினார். அதே நேரம் பக்கத்துக் கம்பெனியில் அணுகுண்டு சாம்பிள் வெடித்துப் பார்த்தார்கள். மைக் இரண்டையும் பாகுபாடில்லாமல் கேட்டது. இரண்டாம் முறை சரவெடி. மூன்றாம் முறை மேனேஜர் சங்கரபாண்டியனின் தும்மல்.

"மைக்கே வேண்டாம் தம்பி," என்றார் பீர் முகைதீன். "பொட்டிக்குப் பின்னால லைன் அவுட்டுன்னு ஒரு ஓட்டை இருக்கு. அங்கனயிருந்து ஒயரப் போட்டு நேரா மிக்சருக்கு இழுத்துருவோம். வெளியில ஊரே வெடிச்சாலும் உள்ள வராது."

வெளியில் ஊரே வெடித்தாலும் உள்ளே வராது என்கிற தத்துவம் நிர்வாகத்துக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். மேனேஜர் உடனே ஒப்புதல் அளித்தார்.

ஒயர் போட்டதும் வெடிச்சத்தம் போனது. பதிலுக்கு ஒரு கூடை வண்டைத் திறந்துவிட்டதுபோல "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தது.

"எர்த் இல்ல," என்றார் பீர் முகைதீன். "இந்தப் பிளக் பாயிண்ட்டுல மூணு ஓட்டை இருக்கு. மூணாவதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்லையே."

"அது ஆய்வுக்கு வச்ச ஓட்டை பாய்," என்று மேனேஜர் விளக்கினார்.

"நல்ல எர்த்து வேற எங்கயும் இருக்கா?"

கம்பெனியிலேயே நல்ல எர்த் ஒன்றே ஒன்றுதான். கலவை அறை வாசலில் ஒரு செம்புத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி, கரியும் உப்பும் கொட்டிய குழிக்குள் இறங்குகிறது. உள்ளே போகிறவர் தகட்டில் உள்ளங்கையை வைத்தால், உடம்பில் ஊறியிருக்கும் கரண்டு மண்ணுக்குப் போய்விடும். போகாவிட்டால், அலுமினியப் பொடிக்கு ஒரு பொறி போதும். பெத்தணன் பதினாறு வருடமாகக் கையை வைத்துவிட்டுத்தான் போகிறார். கை இன்னும் இருக்கிறது.

"ரெண்டு மணி நேரந்தான்," என்றார் மேனேஜர். பெத்தணனே தகட்டிலிருந்து கம்பியைக் கழற்றி, இருநூறு அடி ஒயரைச் சேர்த்து ஆபீசுக்கு இழுத்து வந்தார். பீர் முகைதீனிடம் அது "உபரிக் கம்பி" என்று தெரிவிக்கப்பட்டது.

இரைச்சல் நின்றது. கிட்டார் பன்னீரில் கழுவியதுபோல் சுத்தமாகக் கேட்டது. சின்ன முதலாளி கண்கலங்கி, பெட்டி இனி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தீபாவளி ஆர்டருக்கான கலவை. தகடு இருந்தது; கம்பி இல்லை. பெத்தணன் மேனேஜரிடம் போனார்.

"அய்யா, கம்பி."

"சின்ன முதலாளி இன்னும் ரெண்டு பாட்டுப் போடணுங்கிறாக. வெளியீட்டு விழா முடியட்டும்."

"அதுவரைக்கும் நான் கலக்கணுமேய்யா."

"கலக்கு. யாரு வேண்டாம்னா?"

"உடம்புல கரண்டு இருந்தா?"

"பாத்துக் கலக்கு."

"பாத்தாத் தெரியாதேய்யா அது."

"பதினாறு வருசமா ஒண்ணும் ஆகலேல்ல?"

"கம்பி இருந்துச்சுல்லய்யா."

தொழிலாளியிடம் கலையார்வம் குன்றி வருவதை மேனேஜர் வருத்தத்துடன் குறித்துக்கொண்டார்.

வேலைக்கு நிற்கமாட்டேன் என்றால், அந்த இடத்துக்குக் கேட்டில் நாலு பேர் காத்திருந்தார்கள். பெத்தணன் யோசித்தார். கம்பி எங்கே இருக்கிறதோ அங்கே போனார். ஆபீசுக்குள் புகுந்து, கிட்டார் பெட்டியின் இரும்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டு, வேட்டி உரசாமல், கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி கலவை அறைக்கு நடந்தார். அடுத்த நாள், விதிப்படி இரண்டு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அந்த அறையிலிருந்து ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

"நடந்து போற வழியில மறுபடியும் கரண்டு ஊறாதா மாமா?" என்றான் பின்னால் நின்றவன்.

"ஊறும். வேற எங்கனலே கைய வைக்க?"

சரம் பின்னும் தங்கத்தாய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, துன்னூறு கிடையாதா?"

"பூசாரி இன்னும் எந்திரிக்கல தாயி."

பூசாரியாகிய சின்ன முதலாளி வரிசையைக் கண்டு நெகிழ்ந்துபோனார். மேனேஜர் அதைப் படம் பிடித்து, "தொழிலாளரின் இசைப்பற்று" என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். செருப்பை வெளியே கழற்றவும் என்று கீழே ஒரு குறிப்பும் சேர்த்தார்.

வெளியீட்டு விழாவில் கீதம் ஒலித்தது. ஆய்வு அதிகாரி தலையாட்டிக் கேட்டார். இசைப்பற்றுள்ள தொழிலாளி என்ற முறையில் பெத்தணனை மேடைக்கு அழைத்தார்கள். "ரெண்டு வார்த்தை. நல்லதா," என்று மேனேஜர் காதில் சொன்னார். கம்பி விஷயத்தைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் கை போகலாம். பெத்தணன் மைக்கைப் பிடித்தார்.

"அய்யாமாருக்கு வணக்கம். எங்க கலவை ரூம்பு எர்த்துக் கம்பியத்தான் கழட்டி இந்தக் கிட்டார் பொட்டிக்குக் குடுத்திருக்கோம். பொட்டிக்கு இனிமே ஒரு ஆபத்தும் வராது."

கைதட்டல் எழுந்தது. அதிகாரியின் கை மட்டும் பாதியில் நின்றது.

"அப்ப உங்களுக்கு?"

பெத்தணன் ஸ்பீக்கரைக் காட்டினார்.

"எங்களுக்குத்தான் பாட்டு போட்டுக் குடுத்திருக்காகளேய்யா."